தகட்டைச் சுரண்டாதீர்கள்: பழைய கார் கழகங்களுக்கும் இலக்கத்தகடு சேகரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

பழைய கார் கழகங்களின் பொறுப்பாளர்களுக்கும், கண்காட்சிகளில் புள்ளியிடும் நடுவர்களுக்கும், உலகெங்கும் இலக்கத்தகடு சேகரிக்கும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணத்துக் கார்கள் உங்கள் கண்ணில் பட்டுவிட்டன. ஒஸ்ரின் ஏ-40, சோமர்செட், கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் என்று பெயர் சொல்லித் தேடி வருகிறார்கள். மதிப்பு வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கார் கைமாறியதும் நடக்கும் காரியங்கள் நெஞ்சைச் சுடுகின்றன. உடலை வெறுந்தகரம் தெரியும்வரை சுரண்டித் தொழிற்சாலை நிறம் அடிக்கிறார்கள். பழைய இலக்கத்தகட்டைக் கழற்றிவிட்டு, பளபளவென்று புதிதாக ஒன்று எழுதுவித்து மாட்டுகிறார்கள். கழற்றிய தகடு வேறொரு கைக்கு, வேறொரு விலைக்குப் போய்விடுகிறது. இதைச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. உங்கள் புள்ளித்தாள் அப்படித்தான் செய்யச் சொல்கிறது. அதனால்தான் அவர்களுக்கு அல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தக் கார்களை யாரும் பொக்கிஷம் என்று பொத்தி வைத்துக் காப்பாற்றவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசு கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை நாடு முழுவதும் இருந்ததைத் தைத்து ஒட்டித்தான் ஓட்டியது. பிறகு தெற்கில் ஜப்பான் கார்கள் வந்து இறங்கின. வடக்கில் போர் வந்து இறங்கியது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 1990 முதல் 2002 வரை மூடிக் கிடந்தது. வடக்குக்கு அனுப்பத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பெற்றோலும் ஒன்று.

பெற்றோல் வராத அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேட்டருக்குள் விட்டு என்ஜினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வழியில் நின்றுவிட்டால் மறுபடி துளிகள் வேண்டும். ஆகவே ஆளை இறக்கும்போதுகூட என்ஜினை அணைக்க மனம் வராது. இந்த விளையாட்டுக்குப் பழைய பிரித்தானிய என்ஜின்கள் தோதாக வாய்த்தன. அவற்றில் பலவற்றின் அமுக்க விகிதம், அதாவது எரிபொருள் கலவையை என்ஜின் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, ஏழுக்கு ஒன்றை ஒட்டித் தாழ்வாகத்தான் இருந்தது. மட்டமான எரிபொருளைக் கொடுத்தாலும் முனகிக்கொண்டு ஓடும். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசிந்து என்ஜின் ஒயிலில் கலக்கும், ஒயில் தண்ணீராக இளகும். அடிக்கடி மாற்றலாம் என்றால் ஒயில் எங்கே இருந்தது? வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டே இந்தக் கார்கள் பிரசவத்துக்குப் போயின, கலியாணத்துக்குப் போயின, பிரேதம் ஏற்றவும் போயின.

இப்போது உங்கள் வரையறையை எடுத்துக்கொள்வோம். 1966இல் தொடங்கிய சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பான பீவா, வரலாற்று வாகனம் என்றால் குறைந்தது முப்பது ஆண்டுப் பழமை வேண்டும், வரலாற்றுக்கு ஒத்த நிலையில் பேணப்பட வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது என்கிறது. இந்தியாவின் 2021 விதியும் அதே தடத்தில்தான் போகிறது: ஐம்பது ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம், ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரியங்களைத் தவிர வீதியில் இறக்கக் கூடாது. ஓய்வெடுக்கும் கார்களுக்கு இந்த விதி சரி. அன்றாடம் ஓடியதாலேயே உயிர் தப்பிய காரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? வாடகைக்கு ஓடிய ஒரு கேம்பிரிட்ஜ் இன்றைக்கும் சந்தைக்குப் போய் வந்தால் அதன் வரலாறு குறைந்துவிடுமா?

சரி, தகட்டுக்கு வருகிறேன்.

இலங்கையில் 1956 வரை பதிவான கார்களில் சி.என்., ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957 தொடக்கத்தில் அவற்றின் இடத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. முந்திய ஆண்டுதான் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியிருந்தது. தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சி எதிர்ப்புத் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள எழுத்தைத் தாரால் அழித்தார்கள், அதன் இடத்தில் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டுச் சற்று ஓய்ந்தது. 1958இல் சிங்கள ஸ்ரீ தாங்கிய அரச பஸ்கள் வடக்கே வந்ததும் மறுபடி தார்ச்சட்டி வெளியே வந்தது. தெற்கிலும் தார் பூசினார்கள்; அங்கே மறைந்தவை தமிழ் எழுத்துகள். ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். இத்தனைக்கும் நடுவில் இருந்தது காரின் பின்னால் மாட்டிய ஒரு முழம் தகரம்.

என்னிடம் உள்ள கேம்பிரிட்ஜின் பின்தகட்டைப் பகலில் நேராகப் பார்த்தால் விசேடமாக ஒன்றும் தெரியாது. கறுப்பில் வெள்ளை எண்கள், நடுவில் சிங்கள எழுத்து. மாலை வெயில் சரிந்து விழும்போது நடுப்பகுதி மட்டும் தோல் தடித்த இடம்போலப் புடைத்துத் தெரியும். இடப்பக்கத்து ஆணித்துளையின் ஓரத்தில் பூச்சுப் பெயர்ந்திருக்கிறது. அங்கே விரலை வைத்தால் சொரசொரக்கும்: அது தார், மணல் கலந்த தார். அதன் மேலே மெல்லிய தூரிகையால் இழுத்த வெள்ளைக் கோடு ஒன்று. தமிழ் ஸ்ரீயின் கடைசிச் சுழி என்று நினைக்கிறேன். அதற்கு மேல் ஒரு கறுப்பு, அதற்கு மேல் பிற்காலத்தில் எழுதிய சிங்கள ஸ்ரீ. யார் எழுதினார், யார் அழித்தார், திரும்ப எழுதியவர் அச்சத்தில் எழுதினாரா அலுத்துப்போய் எழுதினாரா என்றெல்லாம் தகடு சொல்லாது. ஆனால் கண்காட்சி ஒன்றில் இதைப் பார்த்த நடுவர் ஒருவர், "இது அழுக்காக இருக்கிறது, மாற்றிவிட்டால் புள்ளி கூடும்" என்று அன்போடு சொன்னார். நல்ல மனிதர்தான். கையில் இருந்த தாளில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது.

இதே கண்ணால் நீங்கள் உலகத் தகடுகளைப் பார்ப்பதில்லையே! நியூயோர்க்கில் 1901இல் உரிமையாளர்கள் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்களே செய்து மாட்டிக்கொண்ட தகடுகளுக்குக் கோணல்மாணல்தான் அழகு என்கிறீர்கள். 1943இல் உலோகத் தட்டுப்பாட்டால் இலினோய் மாநிலம் சோயா கலந்த அட்டையில் தகடு அடித்ததையும், அதைக் கால்நடைகள் கடித்துத் தின்ற கதைகளையும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறீர்கள். நியூ ஹாம்சயர் தகட்டில் 1971 முதல் பொறித்துவந்த "சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி" என்ற வாசகம் தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று ஜோர்ஜ் மேனாட் என்பவர் அதை மறைத்தார். அபராதம் கட்ட மறுத்துப் பதினைந்து நாள் சிறையிருந்தார். 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் ஒட்டிய பட்டியோடு அந்தத் தகடு உங்களுள் ஒருவர் கைக்கு வந்தால் பட்டியை உரித்துச் சோப்புப் போட்டுக் கழுவுவீர்களா? கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பீர்கள். எங்கள் தார் மட்டும் எப்படி அழுக்கானது?

காரையும் தகட்டையும் பிரிக்கும் வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் காரின் உற்பத்தி ஆண்டுக்குப் பொருந்தும் பழைய தகட்டைச் சந்தையில் வாங்கி மாட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும், ஆனால் அந்த எண் வேறொரு காரின் எண். பிரித்தானியாவில் கவர்ச்சியான எண்ணை விற்றுவிட்டுக் காரை அநாதையாக்கிய கதைகள் ஏராளம். ஆனால் அதே பிரித்தானியாவில்தான் வி-765 என்ற ஏற்பாடும் இருக்கிறது. பழைய ஆவணங்களைக் கொண்டு காரின் ஆதி எண்ணை அங்கீகாரம் பெற்ற கழகம் ஒன்று உறுதிப்படுத்தினால், அந்த எண் காருக்குத் திரும்பக் கிடைக்கும், பிறகு அதை வேறு வண்டிக்கு மாற்ற முடியாது. இந்திய விதியிலும் ஒரு நல்லது உண்டு: ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கழகங்கள் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இவை போதும்.

கழகங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. புள்ளித்தாளில் இலக்கத்தகட்டின் தூய்மைக்கு உள்ள இடத்தை எடுத்துவிட்டு, அதன் வரலாற்றுக்கு ஓர் இடம் கொடுங்கள். மேற்பூச்சு, தார், திருத்தம், கையெழுத்து மாற்றம் எதுவானாலும் உரிமையாளர் விளக்கம் எழுதித் தந்தால் புள்ளி வெட்டாதீர்கள். உடலுக்கு நிறம் அடித்தே ஆகவேண்டும் என்றால் தகட்டை மட்டுமாவது தொடாமல் விடச் சொல்லுங்கள். உடலைச் சுரண்டுமுன் தகட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சாய்வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய்க்காக மாற்றிய காபரேட்டரும் குழாய்களும் இருந்தால் அவற்றைக் கழற்றி எறியாமல் காரோடு ஒரு பெட்டியில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அன்றாடப் பயன்பாட்டு விதியைத் தளர்த்துவது பற்றி பீவாவில் பேசக்கூடிய நிலையில் உங்களுள் சிலர் இருக்கிறீர்கள், பேசுங்கள்.

சேகரிப்போரிடம் ஒன்று: கார் உயிரோடு இருக்கும்போது அதன் தகட்டை மட்டும் வாங்காதீர்கள். கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றால் வாங்குங்கள், ஆனால் விற்பவரிடம் சேசிஸ் எண்ணையும் ஊர்ப்பெயரையும் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதித் தகட்டோடு வையுங்கள். பின்பக்கத்தில் மையால் எழுதாதீர்கள். அங்கேயும் பழைய எழுத்து இருக்கலாம்.

அடுத்த கண்காட்சிக்கான புள்ளித்தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் பதிலை எதிர்பார்க்கிறேன். யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால் கேம்பிரிட்ஜைக் காட்டத் தடையில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் வராதீர்கள். அப்போது அது சந்தையில் நிற்கும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துக் கார் உரிமையாளர் ஒருவர்