மட்டை உரிக்கும் வாரம்

அன்பு மகளுக்கு,

இங்கே டோனவாண்டாவில், நம் செனெக்கா மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில், கதிர் ஒடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளைச் சோளம் இந்த வருடம் மோசமில்லை. பேத்திக்கு எப்போது லீவு என்று நீ எழுதவில்லை. பரவாயில்லை, உனக்கு ஆபீஸில் பொறுப்பு கூடியிருக்கிறது, எனக்குப் பெருமைதான்.

வந்தால் அவளை மட்டை உரிக்க உட்காரவை. எல்லாவற்றையும் உரித்துப்போட விடாதே. உள்மட்டையில் மூன்று நான்கை விட்டால்தான் சடை பின்னப் பிடி இருக்கும். மூன்று கதிரில் தொடங்கி, ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு கதிரைச் சேர்த்து இறுக்க வேண்டும். மட்டை காய்ந்து முறிந்தால் ஈரத்துணியில் சுற்றிவை. தண்ணீரில் ஊறப்போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நகம் பதிகிற கதிர் சடைக்கு ஆகாது. எட்டு வரிசையும் நேராக ஓடும் நீளக் கதிரை விதைக்கு ஒதுக்கு. நடுவே மஞ்சள் மணி இருந்தால் பக்கத்து வயல் மகரந்தம் காற்றில் வந்துவிட்டது, அதைச் சாப்பிடலாம், விதைக்கு வேண்டாம். 1779-ல் அமெரிக்கத் தளபதி சல்லிவனின் படை நம் செனெக்கா ஊர்களைக் கொளுத்தியபோது வயலையும் விடவில்லை. அதற்குப் பிறகும் கைமாறி வந்த விதை, உனக்கே தெரியும்.

சோளமணியின் தோலை நீக்கச் சாம்பல் கலந்த தண்ணீரில் கொதிக்கவைப்போமே, அந்தச் சாம்பல் விஷயம் மறக்காதே. நான்கு கப் மணிக்கு ஒரு கப், நன்றாகச் சலித்தது, மேப்பிள் அல்லது ஓக் விறகுச் சாம்பல். பைன் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்துவிடும். மணி ஆரஞ்சாக மாறும், பயப்படாதே. அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்தில் ஒரு சோளமணியை எடுத்துக் கிள்ளிப் பார், தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். பிறகு கூடையில் கொட்டி, தண்ணீர் தெளியும்வரை கழுவு. முதல் கழுவலில் குழந்தை கை வைக்க வேண்டாம், காரம் எரியும். அடுத்த தண்ணீரிலிருந்து தேய்க்கட்டும், நுனியில் இருக்கும் கறுப்பெல்லாம் அவள் விரலுக்குத்தான் சுலபமாகப் போகும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் வேகவேண்டும். இந்தச் சாம்பல் இல்லாவிட்டால் சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் ஒட்டாது என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். நம் கிழவிகளுக்கு அந்தப் பெயர் தெரியாது, கூடை மட்டும் தெரியும்.

சோள ரொட்டி பிடிக்கும்போது மாவில் கொதிக்கிற தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பானையில் வேகும்போது உடைந்து கஞ்சியாகும். இதையும் போன கடிதத்தில் எழுதியிருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் பச்சைச்சோள விழா நடந்தது. பீச் கொட்டை ஆட்டம் நீண்டுகொண்டே போயிற்று. நீள்வீட்டில், நம் சடங்குக் கூடத்தில், மூன்று குழந்தைகளுக்குக் குலப்பெயர் சொன்னார்கள், மூன்றுமே உன் மகளைவிடச் சின்னவை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உயிரோடிருக்கும் இருவர் ஒரே குலப்பெயரை வைத்துக்கொள்ள முடியாது. என் அம்மாவின் பெயர் இப்போது யாரிடமும் இல்லை. குலத்தில் இன்னொரு குழந்தை வந்தால் குலத்தாய், நம் குலத்தை நடத்தும் பெண், அதற்குக் கொடுத்துவிடுவார், கொடுக்கவும் வேண்டும். உன் வயிற்றில் பிறந்ததால் பேத்தி நம் குலம். அவள் அப்பா எந்த ஊர் என்பது இதில் வராது, அதை யோசித்துத் தயங்காதே.

அவளுக்குப் பெயர் வைக்க அடுத்த வாய்ப்பு நடுக்குளிர்கால விழாவில், ஜனவரி கடைசியில் இல்லையென்றால் பிப்ரவரியில். குலத்தாயிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டிசம்பருக்குள் ஆம், இல்லை என்று ஒரு வரி எழுது. அறுவடைக்கு வந்தால், மேப்பிள் சாம்பல் ஒரு டப்பா கொண்டுவந்தால் போதும், மீதி இங்கே இருக்கிறது.

அம்மா