இமோரிக்குப் பசிக்கணும்னா தண்ணி குளிரணும்

மாப்ள,

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும் பெரிய நிம்மதி. கட்டுப் பிரிச்சதும் காலண்டர்ல தேதி படிச்சுக் காட்டினாங்கன்னு எழுதியிருந்தியே, அதை வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். கியோட்டோவுல நாங்க சுகம். பெரியவனுக்குக் கோடை லீவு விட்டாச்சு, வீடு ரெண்டாகுது.

இப்போ பாப்பா வளர்க்குற இமோரிக்கு வரேன், அதான் அந்தப் பல்லி மாதிரி இருக்குற ஜப்பான் நீர்வாழ் பிராணி (நியூட்). ரெண்டு வாரமா தீனி எதையும் தொடலைன்னு எழுதியிருந்தே, பயம் வரத்தான் செய்யும். ஆனா வளர்ந்த இமோரி அவ்வளவு சீக்கிரம் பட்டினியில சாகாது. குளிர் ரத்தப் பிராணி, அது உடம்புக்கு வேண்டிய சக்தியே கம்மி. நல்லா இருக்கும்போதே ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை போட்டாப் போதும். அதனால தயவுசெஞ்சு வாயைத் திறந்து திணிக்காதீங்க. தாடை ரொம்ப மெல்லிசு, அந்தப் பயத்துலயே இன்னும் ஒடுங்கிடும்.

எனக்கு முதல் சந்தேகம் தண்ணிச் சூட்டு மேலதான். நகோயாவுல ஜூலை வெயில் எப்படின்னு நான் சொல்ல வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் ஏசியை அணைச்சிட்டு ஆபீஸ் போயிடுறீங்க, தொட்டி பூட்டின வீட்டுக்குள்ள வேகுது. இமோரிக்கு 15லேர்ந்து 20 டிகிரி வரைக்கும் சுகம். 25ஐத் தாண்டி நாள்கணக்கா இருந்தா முதல்ல நிக்கிறது சாப்பாடுதான். தொட்டியை ஜன்னல்கிட்டேர்ந்து எடுத்து வீட்டுலயே குளிர்ச்சியான மூலையில வை. தண்ணி மேல காத்து படுற மாதிரி சின்ன ஃபேன் ஒண்ணு வச்சா, ஆவியாகுறதுலயே ரெண்டு மூணு டிகிரி இறங்கும். தண்ணி குறையும், ஊத்திக்கிட்டே இரு. ஐஸ் கட்டியை உள்ள கொட்டிடாத, திடீர்னு குளிர்ந்தாலும் அதுக்கு ஆகாது. ஃபேனுக்காக மூடியை எடுத்தா வலை போடு. கண்ணாடியில ஏறி வெளியே போயிடும்.

எப்பவும் கல்லு மேலயே உக்காந்திருக்குன்னு எழுதினியே, அதுதான் என்னை உறுத்துது. வளர்ந்த இமோரி பெரும்பாலும் தண்ணிக்குள்ளதான் கிடக்கும். அது தண்ணியை விட்டு ஒதுங்குதுன்னா தண்ணி சரியில்லாம இருக்கலாம். தின்னாம விட்ட புழு அழுகினா அம்மோனியா ஏறும். வளர்ப்பு மீன் கடையில தண்ணி டெஸ்ட் கிட் வாங்கிப் பாரு. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யமா இருக்கணும். இல்லேன்னா மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்து. குழாய்த் தண்ணின்னா குளோரின் நீக்குற சொட்டு மருந்து கட்டாயம்.

தண்ணி குளிர்ந்து ரெண்டு நாள் ஆனதும், விளக்கைக் குறைச்சிட்டு சாயங்காலத்துல முயற்சி பண்ணுங்க. துகள் தீவனத்தை மறந்துடு. உறைய வச்சு விக்கிற ரத்தப்புழுவை (சின்னச் சிவப்புப் பூச்சிப்புழு) ஐஸ் விட வச்சு, முனை மழுங்கின இடுக்கியில பிடிச்சு, மூக்குக்கு நேரா மெதுவா ஆட்டணும். உடனே கவ்வாது. தலையைச் சாய்ச்சுப் பாக்கும், மோந்து பாக்கும், அப்படியே உறைஞ்சு நிக்கும், அப்புறம் ஒரே வெட்டு. பாப்பாவுக்குப் பொறுமை ஜாஸ்தி, அவகிட்டயே குடு. அதுக்கும் மசியலைன்னா மருந்தடிக்காத மண்ணுல எடுத்த மண்புழுத் துண்டு. அதை வேண்டாம்னு சொன்ன இமோரியை நான் பாத்ததில்லை. மீந்ததை அப்பவே எடுத்துடுங்க.

தோல் உரிக்கிற சமயமான்னும் கவனி. அதுக்கு முன்னாடி சில இமோரி சாப்பிடாது. உடம்பு மங்கலா இருக்கும். அப்புறம் கையுறையைக் கழட்டுற மாதிரி விரல் விரலா தோல் வரும், அதையே தின்னுடும்.

வயிறு உப்பினா, தோல்ல பஞ்சு மாதிரி வெள்ளையோ புண்ணோ தெரிஞ்சா, இடுப்பெலும்பு துருத்தினா வீட்டு வைத்தியம் வேண்டாம். பொடிக் கல்லை முழுங்கியிருந்தாலும் வயிறு உப்பிச் சாப்பிடாம இருக்கலாம். எல்லா நாய் பூனை டாக்டரும் இதைப் பாக்க மாட்டாங்க, போன் பண்ணிக் கேட்டுட்டுப் போ. வாரம் ஒருதடவை சமையல் தராசுல எடை போட்டு எழுதி வச்சா டாக்டருக்கும் உதவும். தொட்டா உடனே கை கழுவணும்னு பாப்பாகிட்ட சொல்லு, அதோட தோல்ல ஃபுகு மீன்ல (பேத்தை மீன்) இருக்குற அதே விஷம் இருக்கு.

அம்மாவோட கண்ணைப் பத்திப் படிச்சப்போ ஒண்ணு ஞாபகம் வந்தது. இமோரிக்குக் கண்லென்ஸை எடுத்தா தானா புதுசு முளைக்கும். 16 வருஷத்துல 18 தடவை எடுத்துப் பாத்திருக்காங்க, கடைசித் தடவையும் பழுதில்லாத லென்ஸ் வந்ததுன்னு 2011ல ஆய்வு வெளியாச்சு. முடிவுல அந்த இமோரிகளுக்கு வயசு 30 வாக்குல. 1994ல கொலம்பியா விண்கலத்துல ஜப்பான் விண்வெளி வீராங்கனை சியாகி முகாய் போனப்போ கூட இமோரிகளும் போச்சு. பாப்பாவுக்கு இதைச் சொல்லு, சந்தோஷப்படுவா.

ஓடையில விட்டுடலாமான்னு தங்கச்சி கேட்டது தப்பில்லை, ஆனா வேண்டாம். ஒவ்வொரு வட்டாரத்து இமோரியும் வேற வம்சம். நோய் வேற பரவும். ஏற்கெனவே ஜப்பான்ல அது குறைஞ்சுக்கிட்டு வருது.

காலையிலயும் சாயங்காலமும் தண்ணி எத்தனை டிகிரின்னு பாத்து எனக்கு அனுப்பு. ஓபோன் (முன்னோர் பண்டிகை) லீவுக்கு நாங்க அங்க வரோம். நம்ம உரக்குழியில மண்புழு நிறைய இருக்கு, ஒரு டப்பாவுல கொண்டு வரேன்.

அன்புடன்,
உன் மாப்ள