‘10 யூனிட்’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்: சேலம் மருந்துக் கடைகளுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் ஒரு திறந்த மடல்

சேலம் மண்டல மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டத்தில் மருந்துக் கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அக்கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

நான் அரசுப் பணியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, ஏற்காட்டில் வசித்து வருகிறேன். இன்சுலின் போட்டுக்கொள்ளும் அக்கம்பக்கத்தார் ஊசியில் சந்தேகம் வந்தால் என்னிடம் வருவது வழக்கம். அண்மைக் காலமாக வேறு சிலரும் வருகிறார்கள். உடல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்தைச் சேலத்தில் வாங்கி, ஐஸ் வைத்த பையில் பத்திரமாக மலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதைச் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் அவர்கள். செமாகுளூடைட், டிர்செப்படைட் ஆகிய இந்த மருந்துகளின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மருத்துவர் பரிசோதித்து, தேவைப்படுகிறவருக்கு எழுதிக் கொடுத்தால் அவை நல்ல பலன் தருகின்றன. அளந்து எடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கடை மேசையிலேயே தடுக்கக்கூடியவை.

நாகலூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவரிடம் இருந்த துண்டுச் சீட்டில் ‘வாரம் ஒருமுறை 10 யூனிட்’ என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. குப்பியைக் கொடுத்த கடை, சிரிஞ்ச் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறது. இருக்கிறது என்று அவரும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மைதான். கணவர் பல ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறவர் என்பதால், குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சுகள் கட்டுக்கட்டாக இருந்தன. அதில் ஒன்றை எடுத்து, 10 என்ற கோடு வரை ஒழுங்காக இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை தொடங்கிய வாந்தி நிற்கவில்லை. தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றே வீட்டார் நினைத்திருக்கிறார்கள். தலை சுற்றி விழுந்த பிறகுதான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோய், குளுக்கோஸ் ஏற்றி, சிறுநீரகம் கெடாமல் காப்பாற்றினார்கள். சீட்டில் இருந்தபடியே செய்திருக்கிறார். ஆனாலும் உடலுக்குள் போனது எழுதியவர் நினைத்ததைப்போல் இரண்டரை மடங்கு மருந்து.

எப்படி என்பது மருந்தாளுநர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. முதலாவதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச். ஆரஞ்சு மூடியில் 10 என்ற கோடு 0.1 மில்லிலிட்டர், அதே 10, சிவப்பு மூடியில் 0.25 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 2.5 மில்லிகிராம் செமாகுளூடைட் உள்ள குப்பி என்று வைத்துக்கொண்டால், ஆரஞ்சு மூடியில் 10 கோடு இழுத்தவருக்கு 0.25 மில்லிகிராம் கிடைக்கும். முதல் நான்கு வாரங்களுக்கான தொடக்க அளவு அதுதான். சிவப்பு மூடியில் இழுத்தவருக்குப் போவதோ 0.625 மில்லிகிராம். அது ஐந்தாவது வாரத்தில் தொடங்க வேண்டிய 0.5 மில்லிகிராமையும் தாண்டியது. குப்பியின் செறிவு மாறினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் உள்ள குப்பி என்றால் ஆரஞ்சு மூடியிலேயே 10 கோடு இரட்டிப்பு அளவாகிவிடும். இன்சுலினை யூனிட்டில் அளக்கிறோம். இந்த மருந்துகளுக்கு மில்லிகிராம்தான் அளவு. சிரிஞ்சின் மேல் இருக்கும் யூனிட் கோடு இவற்றைப் பொறுத்தவரை திரவம் எவ்வளவு என்பதைக் காட்டும் அடையாளமே தவிர மருந்தின் அளவு அன்று.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் இதே காரணத்துக்காக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே தனியாகக் கலந்து குப்பியில் விற்கப்பட்ட செமாகுளூடைட்டை நோயாளிகள் தாமாக இழுத்துப் போட்டபோது, வேண்டிய அளவைவிட 5 முதல் 20 மடங்கு வரை போய், சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றும் ஒன்றோடொன்று குழம்பியதே முக்கியக் காரணம். நம்மிடம் இரண்டு வகைச் சிரிஞ்சுகள் ஒரே வீட்டில் கிடக்கும் நிலை இருப்பதால், அந்தக் குழப்பத்தின் மேல் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. செமாகுளூடைட் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கூடுதலாகப் போனதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. தவறு ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. அதன் தொல்லையை நோயாளி நாள் கணக்கில் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் செமாகுளூடைட் காப்புரிமை முடியும் ஆண்டு 2026. பல நிறுவனங்களின் மருந்து குறைந்த விலையில் வருவதை நான் மனதார வரவேற்கிறேன்; பலவிதப் பேனா (பேனா வடிவ ஊசிக் கருவி), பலவிதக் குப்பி, பலவிதச் செறிவு வரும் என்பதையும் நாம் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

விலை இந்தத் தவறுகளுக்கு எப்படிக் காரணமாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிர்செப்படைட்டின் வணிகப் பெயரான மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இங்கே குப்பியாக அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் 3,500 ரூபாய்க்கும், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய்க்கும் விற்கப்பட்டது. இரண்டிலும் இருப்பது அதே 0.5 மில்லிலிட்டர் திரவம்தான். பெரிய குப்பியை வாங்கிப் பாதி பாதியாகப் போட்டால் இரண்டு வாரத்துக்கு 7,000 ரூபாய்க்குப் பதிலாக 4,375 ரூபாயில் முடியும் என்று கணக்குப் போடுகிறவரை நான் பழிக்க மாட்டேன். எஸ்டேட் கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த மிச்சம் பெரிய தொகை. ஆனால் அது ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய குப்பி. கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அதில் சேர்க்கப்படவில்லை. ஊசி குத்திய குப்பியை ஒரு வாரம் வைத்திருந்து மறுபடி குத்தினால் கிருமியையும் சேர்த்து ஏற்றிக்கொள்ள நேரிடும். பேனாவைத் திருகும்போது கேட்கும் ‘கிளிக்’ ஒலியை எண்ணிப் பாதி அளவு எடுப்பதும், கணவனும் மனைவியும் ஊசியை மட்டும் மாற்றிவிட்டு ஒரே பேனாவைப் பகிர்வதும் இதே சிக்கனத்தில் வருபவைதான். ஊசியை மாற்றினாலும் பேனாவுக்குள் இரத்தம் ஏறியிருக்கலாம் என்பதைக் கடையில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் பலர் கேட்டுக்கொள்வார்கள்.

மருந்தாளுநர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். சீட்டில் யூனிட் மட்டும் எழுதியிருந்தால் மருந்தைக் கொடுப்பதற்கு முன் எழுதிய மருத்துவரை அழைத்து, எத்தனை மில்லிகிராம், இந்தக் குப்பியில் அது எத்தனை மில்லிலிட்டர், எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு என்ற மூன்றையும் கேட்டுப் பெட்டியின் மேல் தமிழில் எழுதுங்கள். வீட்டில் சிரிஞ்ச் இருக்கிறது என்று சொன்னால் மூடியின் நிறம் என்ன என்று கேளுங்கள். பொருத்தமான சிரிஞ்சைக் குப்பியோடு சேர்த்தே கொடுங்கள். முடிந்தால் அதே வகைச் சிரிஞ்ச் ஒன்றில் வெறும் தண்ணீரை அந்தக் கோடு வரை அவரையே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இழுக்கும்போதுதான் உண்மை தெரியும். கறுப்பு ரப்பரின் எந்த விளிம்பைக் கோட்டோடு சேர்த்துப் பார்ப்பது என்பது பலருக்குத் தெரியாது. குமிழி நின்றால் அந்த அளவுக்கு மருந்து குறைகிறது என்பதும் தெரியாது. ஒரு மில்லிலிட்டர் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் பொதுவாக ஒரு சிறு கோடு 2 யூனிட். அதை ஒன்று என்று எண்ணுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோயாளிக்கு விளக்கிச் சொல்வது 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகளிலேயே உங்கள் கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கூட்ட நேரத்தில் அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் ஊசி வாங்குகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் தேவை.

உதவி இயக்குநர் அவர்களே, மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகள் கைமாறுவதையும், பெயரும் செறிவும் இல்லாத குப்பிகள், வீட்டில் தண்ணீர் விட்டுக் கலக்கச் சொல்லும் தூள் குப்பிகள், முன்கூட்டியே நிரப்பிய சிரிஞ்சுகள் ஆகியவை உடற்பயிற்சிக் கூடங்கள் வழியாகவும் அழகு நிலையங்கள் வழியாகவும் போவதையும் தங்கள் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பது என்ன என்றே தெரியாத தூளை எவ்வளவு கவனமாக அளந்தும் பயனில்லை. மேலே சொன்ன மூன்று விவரங்களும் இல்லாமல் எடைக் குறைப்பு ஊசியைக் குப்பியில் விற்கக் கூடாது என்று எல்லாக் கடைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு மூடியையும் ஆரஞ்சு மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டும் தமிழ்ச் சுவரொட்டி ஒன்று ஒவ்வொரு கடையிலும், ஏற்காடு அரசு மருத்துவமனையிலும் ஒட்டப்பட வேண்டும். அதற்கான வாசகத்தை எழுதித் தரவும், மருந்தாளுநர்கள் கூடும் கூட்டத்தில் இரண்டு சிரிஞ்சுகளையும் கொண்டுவந்து இழுத்துக் காட்டவும், என்று அழைத்தாலும் மலையிலிருந்து இறங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
ஏற்காடு.