தோற்ற பிறகு வந்து சேர்ந்த விருது: கோச் டோனி பென்னட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கோச் பென்னட் அவர்களுக்கு,

வணக்கம். 2018 மார்ச் கடைசியில் சான் அன்டோனியோவில் உங்கள் கையில் ஒரு விருதைக் கொடுத்தார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கு அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தி நிறுவனம் கொடுக்கும் விருது. தேசியப் போட்டியின் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் அந்த ஊரில்தான் இருந்தன. உங்கள் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி அதில் இல்லை. இரண்டு வாரம் முன்பே, முதல் சுற்றிலேயே, மூட்டையைக் கட்டிவிட்டது. அதுவும் எப்படி! இந்தப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளைப் பலத்தை வைத்து 1 முதல் 16 வரை நிலைப்படுத்துவார்கள். ஆண்கள் போட்டியில் அதுவரை முதல் நிலை அணியோடு மோதிய பதினாறாம் நிலை அணிகள் 135 முறையும் தோற்றிருந்தன. 136ஆவது முறை, யூ.எம்.பி.சி. என்ற, பலருக்குப் பெயரே தெரியாத ஒரு கல்லூரி உங்களை 74-54 என்று சாய்த்தது. (பெண்கள் போட்டியில் ஹார்வர்டு 1998லேயே ஸ்டான்ஃபோர்டை இப்படி வீழ்த்தியிருக்கிறது. அதைச் சொல்லாமல் ‘வரலாற்றில் முதல் முறை’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.)

இப்படித் தோற்றவருக்கா சிறந்த பயிற்சியாளர் விருது என்று கேட்பது எளிது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த விருதுக்கான வாக்குகளை, தேசியப் போட்டி தொடங்கும் முன்பே வாங்கிவிடுகிறார்கள். வாரா வாரம் தரவரிசை போடும் அதே பத்திரிகையாளர் குழுதான் வாக்களிக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை நடந்ததுதான் அவர்கள் முன்னால் இருக்கும் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்ப்போம். சீசன் தொடங்கும்போது உங்கள் அணி தேசியத் தரவரிசையில் முதல் 25 இடத்துக்குள்ளேயே இல்லை. நீங்கள் ஆடும் ஏ.சி.சி. என்ற லீக்கில் ஆறாவதாக வருவீர்கள் என்றார்கள். நீங்கள் லீக்கில் 17 வென்று ஒன்றில் மட்டும் தோற்றீர்கள். லீக் கோப்பையையும் வாங்கி, மொத்தம் 31 வெற்றி, 2 தோல்வியோடு நாட்டின் முதல் அணியாக, தேசியப் போட்டியின் முதல் சுற்றுக்கு, சார்லட் நகரத்துக்குப் போனீர்கள். ஐந்து மாத வேலையை ஒரு ராத்திரியை வைத்து அழிப்பது என்ன நியாயம்? தோற்றால் அவுட் என்ற போட்டியில் சாம்பியனுக்குக் கோப்பை இருக்கிறது, வலையை வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள், அது போதும். நீண்ட சீசனுக்கும் யாராவது மதிப்புப் போட வேண்டுமே.

ஆனால் விருதின் மேல் எனக்கு வேறொரு குறை உண்டு. அது பல நேரம் பயிற்சியை அளப்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள தூரத்தைத்தான் அளக்கிறது. உங்கள் முதல் விருதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007, வாஷிங்டன் ஸ்டேட். அப்பா டிக் பென்னட் ஓய்வு பெற்று, தலைமைப் பயிற்சியாளராக உங்களுக்கு அதுதான் முதல் வருடம். லீக்கில் கடைசி இடம் என்று ஆரூடம் சொன்ன அணி 26 ஆட்டங்களை வென்றது. தகுதியான விருதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்ற டியூக்கின் மைக் ஷஷெவ்ஸ்கிக்கு இந்த ஏ.பி. விருது ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. வருடா வருடம் ‘இவர் ஜெயிப்பார்’ என்று எல்லோரும் நினைக்கிற ஆளுக்கு, ஜெயித்தாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வீட்டில் தினமும் நன்றாகச் சமைப்பவரை யார் பாராட்டுகிறார்கள்?

சரி, உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். ‘பேக் லைன்’ தடுப்பாட்டம் உங்கள் அப்பா வடிவமைத்தது. கூடையிலிருந்து சுமார் 16 அடியில் ஒரு கற்பனைக் கோடு. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார், மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நிற்பார்கள். பந்தோடு உள்ளே புக நினைத்தால் வழியில் எப்போதும் இன்னொரு ஆள் இருப்பான். பந்து வெளியே போன கணத்தில் உள்ளே இருந்தவன் ஓடிப்போய் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். அரை எட்டு தாமதித்தாலும் மூன்று புள்ளி போய்விடும். பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று எத்தனை பேர் திட்டினார்கள்! எனக்கு அதுதான் பிடித்தது. எதிரணி இருபது வினாடி பந்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பிவிட்டு, கடைசியில் எங்கிருந்தோ ஒரு அவசர ஷாட் போடும்போது, ஐந்து பேரும் சேர்ந்து அதைச் செய்ய வைத்தார்கள் என்பது கண்ணுக்கே தெரியும்.

அதனால்தான் அந்த மார்ச் 16 அப்படி உறுத்துகிறது. இடைவேளையில் 21-21. உங்கள் பாணி ஆட்டத்தில் அதுவொன்றும் பயப்படும் ஸ்கோர் இல்லை. அப்புறம் இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளி கொடுத்தீர்கள். அந்த சீசனில் எதிரணிகள் ஒரு முழு ஆட்டத்தில் உங்களுக்கு எதிராக எடுத்ததே சராசரியாக 54 தான். யூ.எம்.பி.சி.யின் ஜைரஸ் லைல்ஸ் மட்டும் 28 எடுத்தார். நீங்கள் பின்தங்கியதும், மெதுவாக ஆடவே பழகிய அணிக்கு வேகமாகத் துரத்த வரவில்லை. உங்கள் வீரர் டியாண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு உடைந்து வெளியே இருந்தார், உண்மைதான். ஆனால் 20 புள்ளி வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணமாகாது. நீங்களும் ஆட்டம் முடிந்த கையோடு, நன்றாக அடி வாங்கினோம், நெருங்கக்கூட இல்லை என்று கேமரா முன்னால் சொல்லிவிட்டீர்கள்.

விருதுக்கான வாக்குகள் அதற்கு முன்பே போடப்பட்டுவிட்டன. ஆனால் சாக்குச் சொல்லாமல் தோல்வியை ஒப்புக்கொண்ட அந்தப் பேச்சுதான் நான் பார்த்த உங்கள் மிகச் சிறந்த பயிற்சி. உங்கள் வீரர் கைல் கை என்ன செய்தார் தெரியுமே, அந்தத் தோல்விப் படத்தைத் தன் கைப்பேசித் திரையிலேயே வைத்துக்கொண்டார். மறு வருடம் முதல் சுற்றில் மறுபடியும் ஒரு பதினாறாம் நிலை அணி, கார்ட்னர்-வெப். முதல் பாதியில் 14 புள்ளி பின்தங்கினீர்கள். எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கிவிட்டது. 71-56 என்று தேறி வந்தீர்கள். காலிறுதியில் பர்டியூவோடு, உங்கள் மமாதி டியாகிட்டே கடைசி நொடியில் போட்டது உள்ளே போய், கூடுதல் நேரத்தில் பிழைத்தீர்கள். அரையிறுதியில் ஆபர்ன் இரண்டு புள்ளி முன்னால், 0.6 வினாடி மிச்சம், கோட்டில் கைல் கை, மூன்று ஃப்ரீ த்ரோ. மூன்றும் உள்ளே. 63-62. (அதற்குச் சற்று முன் உங்கள் டை ஜெரோம் செய்த ‘டபுள் டிரிப்ளிங்’ தவறை (தட்டுவதை நிறுத்திய பந்தை மறுபடி தட்டுவது) நடுவர்கள் விட்டுவிட்டார்கள் என்று ஆபர்ன் ரசிகர்கள் இன்றும் பொருமுகிறார்கள். அவர்கள் பொருமுவதில் நியாயம் இருக்கிறது, கோச்.)

மினியாபொலிஸில் இறுதியாட்டம். கூடுதல் நேரத்தில் 85-77. முந்தைய வருடம் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த ஹண்டர் 27 புள்ளி எடுத்தார். எதிரே டெக்சாஸ் டெக் பெஞ்சில் இருந்தவர் கிறிஸ் பியர்ட், அந்த ஆண்டின் ஏ.பி. சிறந்த பயிற்சியாளர். தோற்ற வருடம் விருது உங்களுக்கு, வென்ற வருடம் எதிராளிக்கு. இதை யாராவது கதையாக எழுதினால் நம்ப மாட்டோம்.

சாம்பியன் ஆன பிறகு பல்கலைக்கழகம் சம்பள உயர்வு தர வந்தபோது வேண்டாம் என்றீர்கள். உங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். நீங்களும் மனைவியும் ஐந்து லட்சம் டாலரை, ஆடி முடித்தவர்களும் ஆடுகிறவர்களும் அடுத்த வேலைக்குத் தயாராகும் திட்டத்துக்குக் கொடுத்தீர்கள். 2024 அக்டோபரில், சீசனுக்குச் சில வாரம் இருக்கும்போது, திடீரென்று விலகினீர்கள். வீரர்களுக்குப் பணம், வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறும் வசதி என்று ஆகிவிட்ட இந்தச் சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்றீர்கள். காரணம் புரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் போனது சரியா என்று இன்னும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. உங்களை நம்பி அந்த வருடம் சேர்ந்த பையன்களுக்கு வேறு வழி தேட அவகாசமே இல்லையே.

2025 மார்ச்சில் வர்ஜீனியா புதுப் பயிற்சியாளரை அறிவித்தபோது நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். ரயன் ஓடம். 2018இல் யூ.எம்.பி.சி.யை வைத்து உங்களைக் கவிழ்த்த அதே மனிதர். அவர் அப்பா வர்ஜீனியாவில் துணைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில், சிறுவனாக அங்கே பந்து பொறுக்கிப் போட்டவராம்.

ஒரே ஒரு கேள்வி, கோச். 2019இல் அந்த வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வந்திருந்தால் யார் பெயரை எழுதியிருப்பீர்கள்? லீக்கில் ஏழாவது என்று கணித்த அணியை வைத்துக்கொண்டு, லீக் பட்டத்தைக் கான்சஸ் ஸ்டேட்டோடு பகிர்ந்து, அதில் கான்சஸின் 14 வருடத் தொடர் ஆதிக்கத்தை முடித்த பியர்ட் பெயரையா? நானாக இருந்தால், மனசு கேட்காமல், உங்கள் பெயரைத்தான் எழுதியிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சலிப்பூட்டும் ஆட்டத்தின் ரசிகன்