எல்லாரும் ஒண்ணு இல்லம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனிலிருந்து போனில் கொதித்துப்போய்ப் பேசினாய். "இந்த ஊர் அரசியல்வாதிங்க எல்லாருமே ஒண்ணுதான்ப்பா. அடுத்தவன் வரி கட்டலைன்னு கத்தினவங்களே கட்டாம விட்டிருக்காங்க. இனிமே நான் ஓட்டே போடப் போறதில்ல" என்றாய். போனில் உனக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது, பாதியிலேயே மறிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் ரிட்டர்ன்களைப் போட்டே தலை நரைத்தவன் நான். இந்த ஒரு விஷயத்திலாவது அப்பா சொல்வதைக் கடைசிவரை படி.

உன் கோபமெல்லாம் ஏஞ்சலா ரெய்னர் மேல். பக்கத்து ஊர் எம்.பி. என்பதால் உனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஏமாற்றம். அப்போது அவர் பிரிட்டனின் துணைப் பிரதமர், வீட்டுவசதித் துறையும் அவரிடமே. 2025 மே மாதம் ஹோவ் என்ற கடற்கரை ஊரில் 8 லட்சம் பவுண்டுக்கு ஃபிளாட் வாங்கினார். முத்திரைத் தீர்வை 30,000 கட்டினார், கட்டியிருக்க வேண்டியது 70,000. செப்டம்பர் 5 அன்று பதவி விலகினார்.

நீ போனை வைத்ததும் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன், பழக்கம் விடுமா? முதல் 1,25,000-க்கு வரி இல்லை. அடுத்த 1,25,000-க்கு 2 சதவீதம், அதாவது 2,500. மிச்சமுள்ள 5,50,000-க்கு 5 சதவீதம், 27,500. கூட்டினால் அச்சாக 30,000. ஒரே வீடு வைத்திருப்பவருக்கான கணக்கு அது. ஏற்கெனவே வீடு இருந்தால் மொத்த விலைக்கும் மேல்வரி 5 சதவீதம், 40,000. இதில் ஒரு வேடிக்கை பார். இந்த மேல்வரி முன்பு 3 சதவீதம்தான். 2024 அக்டோபர் கடைசியில் அதை 5 ஆக்கியது ரெய்னர் இருந்த அதே அமைச்சரவை. பழைய விகிதமே இருந்திருந்தால் 24,000-தான் துண்டு விழுந்திருக்கும்.

எங்கே சறுக்கினார்? தன் தொகுதியான ஆஷ்டனில் இருந்த வீட்டில் தன் பேரில் மீதியிருந்த பங்கை, மாற்றுத்திறனாளியான மகனுக்கென்று வைத்திருந்த டிரஸ்டுக்கே விற்றுவிட்டார். தன் பேரில்தான் வீடு இல்லையே என்று நினைத்தார். ஆனால் 18 வயது ஆகாத பிள்ளைக்கான டிரஸ்டில் வீடு இருந்தால், அது பெற்றவருடைய வீடு என்றே அந்த ஊர்ச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நம்மூரிலும் இந்த மாதிரி உண்டு. மைனர் பிள்ளை பேரில் எஃப்.டி. போட்டால் வட்டி அப்பா அல்லது அம்மா வருமானத்தோடு சேரும். "பணம் புள்ள பேர்லதான கெடக்கு, நான் எதுக்குக் கட்டணும்?" என்று விருதுநகர் பஜாரில் என்னோடு மல்லுக்கு நிற்காத வியாபாரி குறைவு. இவர்கள் யாரும் திருடர்கள் இல்லை. சட்டம் அப்படி நினைக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும், மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் நம்மூர்ச் சட்டம் அந்த வட்டியைப் பெற்றவர் தலையில் கட்டுவதில்லை.

அப்படியென்றால் ரெய்னரை விட்டுவிடலாமா என்றால், விட முடியாது. அமைச்சர்களின் நடத்தை பற்றிப் பிரதமருக்கு ஆலோசனை சொல்பவராக இருந்து இதை விசாரித்த லாரி மேக்னஸ், அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார் என்றார். ஆனால் வரி நிபுணர் ஒருவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டும் அவர் கேட்கவில்லை, அதனால் அமைச்சர்களுக்கான நடத்தை விதியை மீறிவிட்டார் என்று எழுதினார். வீட்டுவசதித் துறைக்கே அமைச்சர், எதிர்க்கட்சியில் இருந்தபோது எதிராளிகளின் வரி விவகாரங்களைக் கிழித்துத் தொங்கவிட்டவர். தன் கணக்கை ரெண்டு தரம் பார்த்திருக்க வேண்டாமா? பதவி போனது நியாயம்தான். ஆனால், தன் பக்கத்தை விளக்க அந்த டிரஸ்ட் விவரத்தையெல்லாம் வெளியே சொல்ல, கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது பார், அது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளை என்ன பண்ணினான் பாவம்.

இப்போது நதீம் ஜஹாவியை எடுத்துக்கொள். யூகவ் கருத்துக்கணிப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நிறுவனத்தின் பங்குகள் ஜிப்ரால்டரில் பதிவான, அவருடைய குடும்பத்தோடு தொடர்புடைய ஒரு கம்பெனியின் பேரில் இருந்தன. 2022 ஜூலையில் நிதியமைச்சர் ஆனார். அந்தப் பங்குகளுக்கான வரி பற்றி வரித்துறை தன்னையே விசாரித்துக்கொண்டிருக்க, அந்த வரித்துறைக்கு மேலிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்! பத்திரிகைகள் கேட்டபோது அவதூறு என்றார். அப்புறம் சத்தமில்லாமல் பாக்கி வரியை அபராதத்தோடு சேர்த்துத் தீர்த்தார். ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. விஷயம் வெளியே வந்து, 2023 ஜனவரி 29 அன்று அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். வரித்துறை அதை வேண்டுமென்றே செய்த தவறு என்று சொல்லவில்லை, கவனக்குறைவு என்றுதான் சொன்னது. ரெய்னர் செய்ததும் கவனக்குறைவு, இதுவும் கவனக்குறைவு. ஆனால் ஒருவர் தானே போய், என்னை விசாரியுங்கள் என்றார். இன்னொருவர் மாதக்கணக்கில் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

சுனக் வீட்டுக் கதை வேறு ரகம். அவர் நிதியமைச்சராக இருந்தபோது, 2022 ஏப்ரலில் தேசியக் காப்பீட்டுக் கட்டணத்தை 1.25 சதவீதப் புள்ளி ஏற்றினார். உன் சம்பளச் சீட்டிலும் பிடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே வாரம் வெளியானது, அவர் மனைவி அக்‌ஷதா மூர்த்தி 'நான்-டோம்' என்று பதிந்திருக்கிறார் என்ற செய்தி. அதாவது நிரந்தர வீடு வெளிநாட்டில் என்று சொல்லி, ஆண்டுக்கு 30,000 பவுண்டு கட்டினால், இன்ஃபோசிஸ் டிவிடெண்டு மாதிரி வெளிநாட்டு வருமானத்துக்கு, அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவராதவரை, அப்போது அங்கே வரி இல்லை. முழுக்க முழுக்கச் சட்டப்படி. ஒரு பைசா ஏய்ப்பு இல்லை. இரண்டு நாளில் அந்த அம்மாவே, இனி எல்லாவற்றுக்கும் இங்கே கட்டுகிறேன் என்று அறிவித்தார்.

தொழில் முறையில் பார்த்தால், இந்த மூவரில் கணக்கு சுத்தமாக இருந்தது அக்‌ஷதாவுடையதுதான். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? சம்பளக்காரனிடம் கூடுதலாகப் பிடிக்கிறவர் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். அப்படிப் பலரும் கேட்டதன் பலனும் தெரிந்தது. அந்த நான்-டோம் ஏற்பாட்டையே 2025 ஏப்ரலோடு எடுத்துவிட்டார்கள். ஒழிக்கிறேன் என்று 2024-இல் அறிவித்ததே சுனக்கின் ஆட்சிதான்.

முன்பு பிரதமராக இருந்த டேவிட் கேமரனையும் சொல்லிவிடுகிறேன். ஜிம்மி கார் என்ற நகைச்சுவை நடிகரின் வரி ஏற்பாட்டை 2012-இல் ஒழுக்கக்கேடு என்று ஊருக்கு உபதேசம் பண்ணினார். 2016-இல் பனாமா ஆவணங்கள் வந்தபோது, அப்பாவின் வெளிநாட்டு நிதியத்தில் இவருக்கே பங்கு இருந்து 2010-இல் விற்றது தெரிந்தது. தொகை பெரிதில்லை, முப்பதாயிரம் பவுண்டுச் சொச்சம். அதை ஒத்துக்கொள்ள நாலைந்து நாள் மென்று விழுங்கினார் பார், அதுதான் அவரைக் கெடுத்தது.

நான் சொல்ல வருவது இதுதான். தெரியாமல் விட்டவர், மறைத்தவர், சட்டம் கொடுத்த சலுகையை அனுபவித்தவர், ஊருக்கொரு நியாயம் தனக்கொரு நியாயம் வைத்திருந்தவர் எல்லாரையும் நீ ஒரே மூட்டையில் கட்டினால், அதில் சந்தோஷப்படுவது மறைத்தவர் ஒருவர்தான்.

இங்கே எங்களுக்கு அந்த மூட்டையைப் பிரிக்கக்கூட ஆள் இல்லை. உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்புச் சொன்னதால் வேட்பாளர்கள் சொத்தைக் காட்டுகிறார்கள். இப்போதெல்லாம் பிரமாணப் பத்திரத்தில் ஐந்து வருஷத்து வருமானமும் இருக்கும், மனைவியுடையதும் சேர்த்து. யார் படிக்கிறார்கள்? மொத்தச் சொத்து எத்தனை கோடி என்று டிவியில் ஒரு வரி ஓடும், மறுநாள் மறந்துபோகும். நான் பார்ப்பது வேறு. சொத்து ஐந்து வருஷத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது, காட்டிய வருமானத்துக்கு அது ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். ஒட்டாத இடத்தில் விவசாய வருமானம் நிற்கும், அதற்குத்தான் வரி கிடையாதே! உத்தரப்பிரதேசத்தில் 1981-இல் ஒரு சட்டம் போட்டு, அமைச்சர்களின் சம்பளத்துக்கான வருமான வரியைக் கஜானாவே கட்டிக்கொண்டிருந்தது. அமைச்சர்கள் ஏழைகளாம். 2019-இல் ஒரு பத்திரிகை எழுதிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

அங்கே இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே உன்னால் ஓட்டுப் போட முடிகிறது. எங்கள் ஊரில் வேறு நாட்டுக்காரன் யாருக்கும் கொடுக்காத உரிமை அது. கோபத்தில் விட்டுவிடாதே.

அப்புறம் ஒரு விஷயம், கோபப்படாமல் படி. சென்னையில் வேலை பார்த்தபோது நீ போட்ட எஃப்.டி. இன்னும் என்.ஆர்.ஓ. கணக்கில், அதாவது வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் கணக்கில், ஓடுகிறது. வங்கிக்காரன் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுகிறான், அதனால் எல்லாம் முடிந்தது என்று நீ நினைத்திருப்பாய். நீ அங்கே குடியிருப்பவள், அந்த வட்டியை அங்கேயும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு நாடுகளும் போட்டிருக்கும் வரி ஒப்பந்தப்படி இங்கே 15 சதவீதம்தான் பிடிக்கலாம், அதற்கு அந்த ஊர் வரித்துறையிடமிருந்து குடியிருப்புச் சான்றிதழ் வாங்கு. வங்கி பிடித்த வரிக்கான டி.டி.எஸ். சான்றிதழை நான் வங்கியில் கேட்டு வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். வரி வருகிறதோ இல்லையோ, ஜனவரி 31-க்குள் ஒரு ஆளிடம் காட்டிக் கேட்டுவிடு. இந்த வாரமே.

அம்மா புளிக்காய்ச்சல் கிண்டி வைத்திருக்கிறாள். யாராவது வருகிறார்களா என்று சொல், கொடுத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா