வெயிலில் தெரியாத இண்டிகேட்டர்: இரு சக்கர வாகனத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் வண்டிகளில் வரும் இண்டிகேட்டர் பகல் வெயிலில் சரியாகத் தெரிவதில்லை என்பது உங்களுக்குப் புதுச் செய்தியாக இருக்காது. சர்வீஸுக்கு விடும்போது எழுதிக் கொடுக்கிற புகார்கள் உங்கள் மேஜைவரை வருகின்றன என்றே வைத்துக்கொள்கிறேன். வந்தும் ஒன்றும் நடக்காததால்தான் பொதுவில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். ஏற்கெனவே ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குப் பொருந்துகிற, நல்ல வெளிச்சமுள்ள எல்இடி இண்டிகேட்டர் பல்பையும், அதை விட்டு விட்டு எரியவைக்கிற பிளாஷரையும் நீங்களே சோதித்து, நீங்களே விற்க வேண்டும்.

எங்கள் பெரியப்பா பால் ஊற்றுகிறவர். தர்மபுரியிலிருந்து மொரப்பூர் போகிற ரோட்டில் சாயங்காலம் போனால் வெயில் முழுக்க முதுகில் அடிக்கும். அந்தச் சாய்வெயில் பின்பக்க இண்டிகேட்டரின் ஆரஞ்சு மூடியில் நேராக விழுந்து, உள்ளே இருக்கிற ரிப்ளெக்டரில் பட்டுத் திரும்பி வரும். பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும், பின்னால் வருகிறவருக்கு அது ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் இருக்கும். போன மாதம் அவர் எங்கள் ஊர்ப் பாதைக்கு வலது பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த மினி வேன் இடித்துவிட்டது. தோள்பட்டை எலும்பு உடைந்தது. வேன்காரர் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “ஏன் பெருசு, இண்டிகேட்டர் போட்டுத் திரும்ப மாட்டியா?” சாய்ந்து கிடந்த வண்டியில் வலது இண்டிகேட்டர் அப்போதும் விட்டு விட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒருவர் குனிந்து, உள்ளங்கையால் வெயிலை மறைத்துக் காட்டிய பிறகுதான் கூடியிருந்தவர்களுக்கே அது தெரிந்தது. வேன்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் 10 வாட் பல்பு. ஒரு பக்கம் போட்டால் முன்னும் பின்னும் சேர்த்து 20 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இதற்கு ஏறத்தாழ 1.7 ஆம்பியர் வேண்டும். பேட்டரி கொஞ்சம் பழசாகி, வண்டியை மெதுவாக்கி நிறுத்தித் திரும்புகிற நேரத்தில் பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால், இண்டிகேட்டர் சிவந்துபோய் அழுது வடியும். எந்த நேரத்தில் நன்றாக எரிய வேண்டுமோ அந்த நேரத்தில்தான் மங்குகிறது. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அதை ஒட்டியே முன்பக்க இண்டிகேட்டரை வைத்தால், எதிரே வருகிறவருக்கு ஹெட்லைட்தான் தெரியும்.

சரி, கடையில் எல்இடி வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போட்டேன். பல்பு இழுக்கிற கரண்ட் குறைந்ததும் பழைய பிளாஷர் தடுமாறிப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள்தான் எரிந்து அணைய வேண்டும் என்பது விதி. அப்புறம் மெக்கானிக் எல்இடிக்கான பிளாஷர் மாற்றினார். இப்போது இடது பக்கம் போட்டால் நான்கும் சேர்ந்து அடித்தன. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே சின்ன விளக்கு இருப்பதால், அதன் வழியாகக் கரண்ட் அடுத்த பக்கத்துக்கும் போய்விடுகிறதாம். அதற்கு, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற டயோடு இரண்டு வைத்தார். எல்லாம் முடிந்து பார்த்தால், நேர் பின்னால் நின்றால் கண் கூசுகிறது, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் ஒன்றுமே இல்லை. பழைய பல்பின் இழை எல்லாப் பக்கமும் வெளிச்சம் விட்டு ரிப்ளெக்டரை நிரப்பும். அந்த மலிவு எல்இடியில் வெளிச்சம் தருகிற சிப் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டரில், “வயரிங்ல கை வெச்சிருக்கீங்க சார், எலக்ட்ரிக்கலுக்கு வாரண்டி வராது” என்றார்கள். சரியான பல்பு உங்களிடம் உண்டா என்று கேட்டேன். பழைய 10 வாட் பல்பை எடுத்து மேஜையில் வைத்தார்கள்.

உங்கள் புது மாடல்களைப் பார்க்கிறேன். போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று மீட்டரில் பெயர் வருகிறது. வழி காட்டுகிறது, வாழ்த்துச் சொல்கிறது. விளம்பரத்தில் ஒரு தம்பி ஆளே இல்லாத மலைப்பாதையில் பறக்கிறார். அங்கே இண்டிகேட்டர் எதற்கு? எங்கள் பக்கம் தொப்பூர் கணவாய் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து இறங்கி வருகிற லாரிகள் இருக்கின்றன. பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளிப் பெட்டி கட்டிப் போகிறவர்கள் பின் இண்டிகேட்டரைப் பாதி மறைத்துக்கொண்டுதான் போகிறார்கள். திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்காமல் பத்து கிலோமீட்டர் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை, அது எங்கள் தலையெழுத்து. புது மாடலில் பலவற்றுக்கு எல்இடி இண்டிகேட்டர் வருகிறதே என்றும் சொல்வீர்கள். பால் ஊற்றி, மாதத் தவணையெல்லாம் கட்டி முடித்த வண்டியைத் தள்ளிவிட்டுப் புது வண்டி வாங்கச் சொல்கிறீர்களா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பல்பு மட்டும் மாற்றினால் மூடிக்கும் ரிப்ளெக்டருக்கும் ஒத்துவராது, விளக்கு முழுவதையும் சேர்த்துத்தான் சான்று வாங்க வேண்டும் என்றால், இண்டிகேட்டரை முழுசாகவே கொடுங்கள். உள்ளே ஆரஞ்சு எல்இடி, பக்கவாட்டிலும் தெரிகிற வெளிச்சம், அதே கனெக்டரில் பொருந்துகிற வயர், கூடவே பிளாஷர். விலை போட்டு விற்றுக்கொள்ளுங்கள், இலவசமாக யாரும் கேட்கவில்லை. உங்கள் ஆட்களே மாட்டினால் வாரண்டிக்கும் பிரச்சினை வராது.

பெரியப்பாவின் வண்டி இப்போது ஷெட்டில் நிற்கிறது. கை சரியானதும் மறுபடி ஓட்டத்தான் போகிறார். அதற்குள் இந்தப் பொருளுக்கு ஒரு பார்ட் நம்பர் போட்டு, எங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைவரை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தர்மபுரி மாவட்டத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்