மாப்ளே, அது சூப் இல்லை

மாப்ளே,

நீ போனை எடுக்க மாட்டாய். ஆனால் நான் எழுதுவதை மட்டும் விடாமல் படிக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள் (அவளைத் திட்டாதே). அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். நம் சண்டையை இங்கே எடுக்கப் போவதில்லை. உன் அம்மாவும் படிப்பார்கள்.

அடுத்த மாதம் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு லடாக்கில் லே, கர்துங் லா கணவாய் என்று கிளம்புகிறாயாம். "பொலிவியாவுல 4,800 மீட்டர் பார்த்தவன்டா நான். ஒரு ராத்திரி சூப் ஒத்துக்கலை, அவ்வளவுதான்" என்று எல்லோரிடமும் சொல்கிறாயாம்.

அந்த சூப் கதை நான் கட்டியது.

லகுனா கொலராடா ஏரிப் பக்கத்தில் அந்த மண்சுவர் விடுதி. நீ பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். டிரைவர் கோகா இலை போட்ட வெந்நீரோடு வந்து, உன் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. உன்னை எழுப்பி நாலடி நடக்கச் சொன்னார். நீ சுவரைப் பிடித்துக்கொண்டாய். அவர் என்னிடம் திரும்பி, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து இறக்கியபடி, "அபாஹோ, அபாஹோ" என்றார். கீழே. இப்போதே கிளம்பினால் விடிவதற்குள் உயுனி ஊருக்கு இறங்கிவிடலாம், அது 3,700 மீட்டர்தான், ஆஸ்பத்திரியும் இருக்கிறது என்றார். என் அரைகுறை ஸ்பானிஷுக்கே எல்லாம் தெளிவாகப் புரிந்தது.

"என்னடா சொல்றாரு?" என்று கேட்டாய்.

"சாப்பிட்டது கீழே இறங்கினா சரியாயிடுமாம்" என்றேன்.

அவரிடம், நீ வர மறுக்கிறாய் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்றால், பக்கத்து அறையில் இருந்த நாலு பேரை எழுப்பி, உங்கள் மறுநாள் பயணம் போச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்களில் இருவர் இதை மொழிபெயர்ப்பில் படிக்கக்கூடும், அதனால் அவர்கள் எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். நிஜத்தைச் சொன்னால், வெளியே குளிர் பூஜ்யத்துக்கும் கீழே பத்து டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தது. மூன்று கம்பளிக்குள் என் கால் அப்போதுதான் சூடாகியிருந்தது.

நாம் கிளம்பிய சிலி ஊர் சான் பெத்ரோவில் இன்னும் இரண்டு நாள் இருந்து உடம்பைப் பழக்கலாம் என்று சொன்னவன் நான்தான். லீவு இல்லை என்று குதித்தவன் நீ. 2,400 மீட்டரில் காலைச் சாப்பாடு, மதியத்துக்கு மேல் 4,800, ராத்திரி 4,300-ல் படுக்கை என்றால் எந்த உடம்பு தாங்கும்? உயரம் ஒத்துக்கொள்ள நான் மாத்திரை போட்டதற்கு "பஸ்ல வாந்தி எடுக்கிற ஆளு" என்று ஜீப் முழுக்க அபிநயம் பிடித்துக் காட்டினாயே, அதையும் நான் மறக்கவில்லை.

அதே நாள் சோல் தே மஞ்ஞானாவில், சேறு கொதித்துக் கந்தகம் புகைந்த இடத்தில், "தீபாவளிக்கு மறுநாள் நம்ம தெரு மாதிரி நாறுது" என்று சிரித்தபடி உன் கையுறையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டதும் நீதான்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. நீ மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். இடையில் நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து டிரைவரைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் உப்புவெளி ஓரத்துக்கு இறங்கியதும் நீ ரெண்டு தட்டு சாப்பிட்டாய். டிரைவர் உன் தோளைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவே இல்லை.

ஒருமுறை உயரம் ஒத்துக்காமல் இப்படிப் படுத்தவனுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் சூப் என்று சொல்லாதே, நடந்ததைச் சொல். லே 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் சும்மா கிட. கர்துங் லாவை அப்புறம் பார்க்கலாம். பாப்பா தலை வலிக்கிறது என்றாலோ, சாப்பாடு வேண்டாம் என்றாலோ அதற்கு மேல் ஏறாதே. விடவில்லை என்றால் கீழே இறங்கிவிடு, வண்டியில் யார் முகம் சுளித்தாலும் சரி.

பானை ஒன்றுதான்டா. அந்த சூப்பை ஏழு பேரும் குடித்தோம். ஒரு தடவையாவது உனக்குச் சந்தேகம் வரவில்லையா?